பிரம்பு அறுந்த கதிரை

பெப்ரவரி 3, திங்கள்

மழை விட்டது. மதில் முழுக்கப் பாசி. அலுமாரிச் சேலைகளை வெயிலில் போட்டேன். இரண்டில் பூஞ்சணம்.

குளியலறைக் கதவுப் பிடியில் மறுபடியும் கரி விரல்கள். முன்னறைப் பிள்ளை நிலானியின் வேலை. ஊர் கதிரவெளி. கம்பஸில் சித்திரம் படிக்கிறாள், கடைசி வருடம். அறையை வாடகைக்குக் கொடுத்தபோது சித்திரம் என்றால் பூச்சாடி, தண்ணீர் வர்ணம் என்று நினைத்தேன். கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது அதுதான். கோப்பையின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும். இவளுக்கு எல்லாம் கரி. தலையணை உறையிலும் கரி.

எங்கே போனாலும் கையில் சித்திரக் கொப்பி. கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுபவர்கள், பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்குபவர், மதில் காகம். போன கிழமை தேங்காய் துருவும் என் கை. என்னைக் கேட்கவில்லை.

இன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். “மொடல் வரல்ல அன்ரி. வாவியில இறால் படுதாம். வலையத் தூக்கிட்டுப் போயிட்டார்.” வகுப்பில் இருத்தி வைத்துக் கீறுவதற்கு இவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆள் அந்த மீன்பிடிகாரர்தான். இறுதி மதிப்பீட்டுக்கு ஓர் ஆளின் முழு உருவம், பெரிய தாளில், கரியில்.

“நீங்க இரிப்பீங்களா அன்ரி?”

மாட்டேன் என்றேன். இரவுச் சாப்பாட்டின்போது சரி என்றேன். நிபந்தனைகள்:
இஸ்திரி போட்ட சேலை.
பல் தெரியக் கூடாது.
கண்ணும் மூக்கும் ஆண்டவர் வைத்த இடத்தில்.
ஹோலுக்குள்தான். விறாந்தை என்றால் பக்கத்து வீட்டு ஜெசிந்தா மதிலில் ஏறி நிற்பாள்.

பெப்ரவரி 5, புதன்

வெயில். நீலச் சேலை உடுத்து, படத்துக்கு முதல் நாள் இருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து என்னை அளக்கிறாள், காணி அளக்க வந்த சேவையரைப் போல. “நாடியக் கொஞ்சம் இறக்குங்க.” நான் நாடியை இறக்குவதில்லை. உயர்த்தியபடியே கீறச் சொன்னேன்.

இவ்வளவு நேரம் என்னை ஒருவரும் பார்த்ததில்லை. டொக்டர் கடதாசியைப் பார்த்தபடி மருந்து எழுதுகிறார். கனடாவிலிருந்து மகன் வீடியோவில் பார்ப்பது என் நெற்றியை மட்டும். என் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் தட்டைப் பார்ப்பார், பேப்பரைப் பார்ப்பார்.

வகுப்பைப் பற்றிக் கேட்டேன். மொடல் இருப்பது உடுப்போடுதானா என்று. சிரித்தாள். “வேற எப்படி அன்ரி, மட்டக்களப்பில! ஆள் வராட்டி ஆளையாள் கீறுவம். பொடியன்கள் எனக்குக் கழுத்தே வைக்கிறதில்ல.” படிப்பிக்கும் சேர் சொல்வாராம், தெரிந்ததைக் கீறாதே, பார்ப்பதைக் கீறு என்று. நல்ல புத்தி.

பெப்ரவரி 8, சனி

படம் முடிந்தது. பார்த்தேன்.

நான்தான். கழுத்துத் தோல், முழங்கை, ஒரு பக்கம் இறுகிய வாய். கோபம் வந்தது. பிறகு இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன். எதையும் கேட்டு நிற்கும் முகமில்லை. அது எனக்குப் பிடித்தது. அவளிடம் சொல்லவில்லை. மத்தியானம் அவளுக்கும் சேர்த்துக் கொய் மீன் சொதி வைத்தேன்.

எனக்கு இடப்பக்கம் நிற்கும் கதிரையையும் கீறியிருக்கிறாள். பிரம்பு அறுந்த கதிரை. பின்னுகிறவர் நாளை நாளை என்று கடத்துகிறார். கதிரை அச்சொட்டாக வந்திருக்கிறது என்று அதை மட்டும் புகழ்ந்தேன்.

பெப்ரவரி 12, புதன்

மறுபடி தூறல். படத்தைச் சுருட்டி, பொலித்தீனில் சுற்றி, ஓட்டோவில் கொண்டுபோனாள். சனிக்கிழமை கண்காட்சி. வரச்சொன்னாள். கடுகு நிறச் சேலையை எடுத்து வைத்தேன்.

பெப்ரவரி 15, சனி

கண்காட்சிக்குப் போய் வந்தேன்.

நல்ல கூட்டம். கம்பஸ் ஆட்கள், கொழும்பிலிருந்து வந்தவர்கள், கழுத்தில் அட்டை தொங்கும் வெள்ளைக்காரப் பெண்கள். சுவரின் நடுவில் நான். என் படத்தின் கீழே தடித்த எழுத்தில், மூன்று மொழியிலும்: ‘போர் விட்டுச்சென்ற கதிரை.’

முதலில் விளங்கவில்லை. யாருடைய கதிரை? பிறகு விளங்கியது. பார்க்கிறவர்களுக்கு நான் போரில் கணவனை இழந்தவள். கதிரை, செத்தவர் இருந்த கதிரை. கரியில் என் நீலச் சேலை வெள்ளைச் சேலையாகிவிட்டது.

கொழும்புப் பெண் ஒருத்தி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறையத் தண்ணீர். “எப்படித்தான் தாங்கினீங்களோ!” எதை என்று கேட்டேன். இன்னும் அழுதாள்.

ஜெசிந்தாவும் வந்திருந்தாள். வராமல் இருப்பாளா. “என்னகா இது? உங்கட அவருக்குச் சீனி வருத்தமெல்லோ?” பிறகு பக்கத்தில் நின்றவளிடம், எனக்குக் கேட்கும்படி: “இனி வெளிநாட்டுக்காரர் வந்து வீடு கட்டிக் குடுப்பாங்க பாருங்க.”

அவர் சலரோகத்தில் இறந்தார். சொதியில் உப்பில்லை என்று நேர்ஸை ஏசிவிட்டு, கண்ணை மூடினார். போரிலும் சுனாமியில் கடல் வந்தபோதும் சனம் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றது. நான் நிற்கவில்லை. எனக்குத் தேவையிருக்கவில்லை என்பதல்ல. நான் நிற்கவில்லை, அவ்வளவுதான். இப்போது என் முகம் சுவரில் தொங்கிக் கையேந்துகிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

பூசையில் மனம் செல்லவில்லை. கோயில் வாசலில் இரண்டு பேர் என் தோளைத் தடவினார்கள்.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். இருக்கச் சொல்லவில்லை.

“பார்க்கிறதைத்தானே கீறச் சொன்னவர் உன்ட சேர்? அந்தக் கதிரையில ஆரைச் செத்துக் கிடக்கக் கண்டாய்?”

“தலைப்பு சேர்தான் சொன்னவர் அன்ரி. தலைப்பு இல்லாட்டி இது வெறும் வயசுபோன பொம்பிளையொண்டு எண்டார்.”

“நான் வயசுபோன பொம்பிளைதான். அதுக்கென்ன குறை?”

பிறகு உண்மை வந்தது. இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய நேரத்தில் தகப்பன் காணாமல் போனார். தாயைக் கீறத்தான் ஆசை. தாய் சம்மதிக்கவில்லை. “எத்தின பேர் வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க. அழுங்க எண்டு சொல்லி எடுத்தவங்களும் இரிக்காங்க. நீயுமா புள்ள எண்டு அம்மா கேட்டா அன்ரி.”

“அதனால உங்கட அம்மாட துக்கத்தைத் தூக்கி என்ட தலையில வைச்சாய்.”

அழுதாள். அழட்டும். செவ்வாய்க்கிழமை பரீட்சகர்கள் வருகிறார்கள். அதற்கு முன் என் முகத்தை அங்கிருந்து எடு என்றேன். எடுத்தால் மதிப்பீட்டுக்கு வைக்க ஒன்றுமில்லையாம், வருடமே போய்விடுமாம். அப்படியானால் நானே வந்து பேசுவேன் என்றேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

போனேன். பரீட்சகர் இரண்டு பேர், அவளுடைய சேர். நிலானிக்குப் பக்கத்தில் மெலிந்த பெண் ஒருத்தி, கையில் கருவாட்டுப் பார்சல். தாயைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு வாயடைக்கும் என்று நினைத்தாளோ.

தாய் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

பரீட்சகர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். “நீங்கதானே இந்த அம்மா? உங்கட கணவர்...” என்று குரலை இறக்கினார். துக்க வீட்டுக் குரல்.

பொய் எனக்கு வராது. “சலரோகம். அவருடைய சொந்தப் பிழை, சீனி விடமாட்டார். அந்தக் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. இருந்தால் விழுவார்கள். பிரம்பு அறுந்துவிட்டது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சேர் தலையைக் குனிந்தார். பரீட்சகர் நிலானியைப் பார்த்தார். தாய்தான் பேசினாள், மெதுவாக:

“எங்கட வீட்டில கதிரையே இல்ல சேர். அவர் பாயிலதான் இரிப்பார்.”

அவ்வளவுதான். மாத முடிவுக்குள் வேறு படம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி இல்லை என்றார் பரீட்சகர். அவளுடைய சேர் அவளிடம் முகம் கொடுக்கவில்லை.

நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தாயும் மகளும் படச் சுருளோடு பின்னால் வந்தார்கள். தாய்க்குப் பின்னேரம்தான் பஸ். கதிரை காட்டினேன், நல்ல கதிரை. நிலத்தில் இருந்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. இவளுக்கு விசர்ப் புத்தி.” தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்து மகளிடம், “நான் இரிக்கன். இந்த அக்கா மாதிரி, வந்தவங்களிட்ட இல்லாததை இல்ல எண்டு சொல்ல எனக்கு இவ்வளவு காலம் வாய் வரல்ல. கீறு. தலைப்பு மட்டும் போடப்படாது.”

பஸ்ஸை விட்டுவிட்டாள். முன்னறையில் தங்கச் சொன்னேன். வேறு என்ன செய்வது.

பெப்ரவரி 21, வெள்ளி

புழுக்கம். மீன்காரர் வரவில்லை.

அவ்வளவு பெரிய தாள் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். நாள் காணாது. ஆகவே பழைய தாளே. கரியைப் பாணால் அழிக்கலாமாம். எனக்குத் தெரியாது. காலைச் சாப்பாட்டுக்கு பேக்கரியில் வாங்கிய பாணை எடுத்து, உள்ளே இருக்கும் வெள்ளையைப் பிசைந்து உருட்டினாள்.

“அழிக்கட்டா அன்ரி? நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க.” குரலில் குத்தல் இருந்தது. இருக்கும்தானே.

முதலில் கதிரை போனது. பிறகு சேலை, கை, கழுத்து. முகத்துக்கு வந்தபோது நான் குசினிக்குப் போனேன். பானையைக் கழுவினேன். சுத்தமான பானை.

திரும்பி வந்தபோது தாய் பாயில் கால் மடித்து இருக்கிறாள். மகள் கீறுகிறாள். தாய் நாடியை உயர்த்தித்தான் வைத்திருக்கிறாள். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. என் வீட்டு ஹோல், என் சீமெந்து நிலம். நான் கதவடியில் நின்றேன்.

நல்லாகத்தான் வருகிறது. என்னுடையதைவிட நல்லாக. அதையும் எழுதி வைக்கிறேன்.

கரி முழுதாகப் போகாது போலிருக்கிறது. தாயின் தோளுக்கு மேலே, வெற்றிடத்தில், சாம்பல் நிறமாக ஒரு காது. தோடும் தெரிகிறது. என் காது.

நிலானியும் அதைக் கண்டாள். “இதையும் அழிச்சிரட்டா அன்ரி? இன்னும் கொஞ்சம் பாண் தாங்க.”

தாய் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

பாண் முடிந்துவிட்டது என்றேன்.

குசினியில் அரை றாத்தல் பாண் இருக்கிறது.