வழக்குச் சொத்துக்கு நிழல் வேண்டி

அனுப்புநர்:
ச. குற்றாலலிங்கம்,
ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு),
தெற்குத் தெரு, கீழப்படுகை,
சேரன்மகாதேவி வழி.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
கீழப்படுகை காவல் நிலையம்.

பொருள்: திருட்டு வழக்கில் மீட்கப்பட்ட என் லேப்டாப்பும் அதன் பேட்டரியும் வெயிலில் கெட்டுப்போகாமல் காக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சித்திரைக் கொடை பார்க்க நான் கோயிலுக்குப் போன நேரத்தில், என் மகன் சிவகணேஷ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தந்த லேப்டாப் களவு போயிற்று. தங்கள் காவலர்கள் கள்ளனைப் பிடித்துப் பொருளை மீட்டனர். அதற்கு என் நன்றி என்றும் உண்டு.

2. ஆனால் கோர்ட் உத்தரவு வரும்வரை அதைத் தகரக் கூரை போட்ட பின்னறையில் வைத்துள்ளனர். கத்திரி வெயிலில் அந்த அறை சோறு வடிக்கிற அடுப்படியாக இருக்கிறது. கள்ளன்கூட அதை பம்புசெட் அறையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே நல்ல நிழலில்தான் வைத்திருந்தான். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

3. சூடு ஏறினால் பேட்டரி உப்பிக் கெட்டுவிடும் என்று மகன் போனில் பலமுறை எச்சரித்திருக்கிறான். ஆகவே குளிர்ச்சியாக வைக்கும்படி ஏட்டு சுவிசேஷமுத்து அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். மறுநாள் போய்ப் பார்த்தால், ஈரச்சாக்கில் சுற்றி மண்பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்! கேட்டதற்கு, "வெத்தலைக் கட்டே இப்படி வச்சா வாடாம இருக்கு அண்ணாச்சி, இது இருக்காதாக்கும்?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

4. பழைய பெட்டிக்கு இவ்வளவு பாடா என்று தாங்கள் நினைக்கலாம். மனைவி பிரம்மநாயகி காலமான பின் அதில்தான் தினமும் செஸ் ஆடிவந்தேன். அவளுக்கு ஆடத் தெரியாது. நான் தோற்றால் சிரிக்க மட்டும் தெரியும். பெட்டி சிரிக்காது. ஆனாலும் நான் ஒரு காயை நகர்த்தினால் பதிலுக்கு ஒன்றை நகர்த்தும். கொடைக்குக் கிளம்பும்போது ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. அடுத்த நகர்வு என்னுடையது. வீட்டில் எனக்குத் தனிமை தாங்கவில்லை, ஐயா. மனுவில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

5. எனவே ஈரச்சாக்கை நீக்கி, பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, இரண்டையும் தங்கள் அறையில், ஜன்னல் வெயில் படாத மர அலமாரியில் வைக்க உத்தரவிட வேண்டுகிறேன்.

6. விதிப்படி அதற்கு இடமில்லை எனில், மதிய வெயில் தாழும்வரை நானே பனையோலை விசிறியோடு வந்து, பின்னறையில் அதன் அருகே அமர்ந்து வீச அனுமதி தர வேண்டும். பெட்டியைத் தொடமாட்டேன். ஏட்டையா பேச்சுத்துணைக்கு இருப்பார் என்பதற்காக இதைக் கேட்கவில்லை.

அதற்காகவும்தான், ஐயா.

இடம்: கீழப்படுகை
நாள்: 14.5.1998

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) ச. குற்றாலலிங்கம்