பின்னோக்கி வந்த ஜீப்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
1948, புரட்டாசி மாதம்

சௌபாக்கியவதி விஜயத்துக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த ஜாம்ஷெட்பூர் புகைக்கு நடுவிலும் சௌக்கியமாக இருக்கப் பத்மநாப சுவாமியைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று நீ எழுதவே இல்லை. கற்பூரவள்ளி அங்கே கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே, போன தடவை வேரோடு தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பினேன், நீ தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு. சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வரும்வரை அப்பாவின் மோட்டாரை யாரும் தொடக் கூடாது என்று எழுதியிருந்தாய் அல்லவா, தொட்டாயிற்று. என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாவற்றையும் கழற்றி உன் தம்பி ஸ்ரீகண்டனுடைய ஜீப்பில் ஏற்றியாயிற்று. என் சம்மதத்தோடுதான் நடந்தது. அவனைத் திட்டி எழுதாதே. என்னைத் திட்டு, ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கல்லாற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவன் டாக்டராகப் போனதும், பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கியதும் உனக்குத் தெரியும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி, பாறையானாலும் ஆறானாலும் ஏறிப் போகும் என்று குதித்தான். யுத்தத்தில் எத்தனை அடி பட்டதோ, போன மழைக்காலத்தில் என்ஜின் வெடித்து நின்றுவிட்டது. கியர் பெட்டியிலும் பல் உதிர்ந்துவிட்டதாம். சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த மழையில்தான் தாசம்மாள் என்று கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தியைப் பிரசவ வேதனையோடு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இவனும் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறான். கல்லாறு வந்து சேருவதற்குள் அவள் போய்விட்டாள். அதற்கடுத்த நாள் இங்கே வந்தவன் இலையில் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகுதான் அப்பா மோட்டாரைக் கேட்டான். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், உன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "அம்மா, அந்த என்ஜின் இன்னும் நன்னா இருக்கு. இன்னும் ரெண்டு மழை ஷெட்டிலேயே கெடந்தா அதுவும் போயிடும். அப்புறம் நீ குடுக்கணும்னு நெனைச்சாலும் குடுக்க முடியாது" என்றான்.

அன்றைக்கு நான் ஷெட்டுக்குப் போய் அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா விஜயம், கன்னியாகுமரிக்குப் போகும்போதெல்லாம் குழித்துறை வந்ததும் அதற்குத் தாகம் எடுத்துவிடும், ஆவி கக்கிக்கொண்டு நிற்கும், நீ கூஜாவை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவாய். அப்பா பக்கத்தில் முன் ஸீட்டில் நான் உட்கார்ந்து போகிறேன் என்று இந்தத் தெருவே பேசிற்று, அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போன பிறகும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எங்கே இருக்கிறீர்கள் என்று குரல் கொடுத்தால் சுசீந்திரம் தாண்டிவிட்டேன் என்பார். இதையெல்லாம் நினைத்து நினைத்து அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் முந்தானையெல்லாம் எலிப் புழுக்கை. ஸீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. மறுநாளே ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போ என்றேன்.

சாலைக் கடைத்தெருவில் திரவியம் என்று ஒரு மேஸ்திரி, நாகர்கோவில் பக்கத்து ஆள், அவருடைய பட்டறையில்தான் வேலை நடந்தது. வாய்ச் சவடால் கொஞ்சம் ஜாஸ்தி, கப்பல் என்ஜினைக் கொண்டுவந்தாலும் கட்டை வண்டியில் பூட்டுவேன் என்பார். ஆனால் அப்பா வண்டி என்ஜினும் ஜீப்பும் லேசில் ஒத்துப்போகவில்லை. ஒன்றின் துளைக்கு மற்றதன் துளை சேரவில்லை, இரும்புத் தகட்டை வெட்டி நடுவில் வைத்துப் பொருத்தினார்களாம். பின் அச்சைப் பிரித்துக் கழுவி, ஜீப்பின் அகலத்துக்குத் தகுந்தபடி குறைத்து மறுபடி பூட்டினார்கள். முன் சக்கரங்களை இழுக்கவைக்கும் பாகம் மட்டும் ஜீப்பினுடையது, அதற்கென்று தனி லீவர், மலையில்தான் போடுவார்கள். எல்லாம் முடிந்ததும் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று திரவியம் சொல்லியிருக்கிறார். உன் பிச்சுமணிச் சித்தப்பா விடவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் சக்கரம் தன் பலத்தில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது என்று சொல்லி, நல்ல நேரம் பார்த்து, ஆள் வைத்துக் கோவில்வரை தள்ளிக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

நானும் போயிருந்தேன். சித்தப்பா என் பக்கம் வந்து, "மன்னி, நீங்க கொஞ்சம் ஒதுங்கி நின்னா தேவலை, மொதல் ஓட்டம் பாருங்கோ" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் ஒதுங்கித்தான் நின்றிருப்பேன், தாலி இல்லாதவள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. என்னை உட்காரவைத்து ஓடிய வண்டி அது. எல்லோருக்கும் பின்னால், ரொம்ப தூரத்தில், பூக்காரி செல்லபாய் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தேங்காய் உடைத்தார்கள், சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஸ்ரீகண்டன் முதல் கியரைப் போட்டான். ஜீப் எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டுப் பின்னால் கிளம்பிற்று. கூட்டம் சிதறி ஓடிற்று. இவன் பதறிப்போய் வேறு கியர் போட, அது இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. எனக்குக் கால் நகரவில்லை. நேரே என்னிடம் வந்து, கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் நின்றது.

சிதறி ஓடினவர்கள் திரும்பி வந்து சுற்றிக்கொண்டார்கள். செல்லபாய் மட்டும் பூத் தொடுப்பதை நிறுத்தாமல், "சாமிக்கு முதுகு காட்டப்பிடாதுன்னு வண்டிக்குத் தெரியுது. அம்மைய விட்டுட்டுப் போவப்பிடாதுன்னும் தெரியுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது விஜயம். உன் அப்பா போன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் நான் சிரித்ததே இல்லை, அன்றைக்கு நடுத்தெருவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஸ்ரீகண்டன் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, ஏறும்மா என்றான். முன் ஸீட்டில் ஏறினேன். ரிவர்ஸ் கியரைப் போட்டான், வண்டி அழகாக முன்னால் போய் எலுமிச்சம்பழத்தை நசுக்கிற்று. சித்தப்பா சிதறிய தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றார். பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டார்களாம், பட்டறையில் ஓட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். திரவியம் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி பிரித்துச் சரியாகப் பூட்டிக் கொடுத்தார்.

இப்போது மலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறது. போன வாரம் தலைச்சன் பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான், தாயும் குழந்தையும் சௌக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் அவன் இங்கே வந்தான். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். தெருக்கோடியில் அந்த என்ஜின் சத்தம் திரும்பிற்று. நான் எழுந்தேன், கையைத் துடைத்தேன், டிகாக்ஷன் இறக்கினேன், பாலைச் சுடவைத்து, சர்க்கரை போடாமல், உன் அப்பா குடிக்கிறபடி கலந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே ஸ்ரீகண்டன் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. நான் நின்ற நிலையைப் பார்த்து அவனுக்கும் புரிந்திருக்கும். டம்ளரை வாங்கி அந்தக் கசப்பு முழுவதையும் குடித்துவிட்டு, காப்பி நன்னா இருக்கும்மா என்றான்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு முத்தம். தீர்க்க சுமங்கலியாக இரு. சின்னவனின் இருமலைப் பற்றி மறக்காமல் எழுது. தை மாதம் வருகிற தேதியையும் எழுது, ஸ்டேஷனுக்கு ஜீப்போடு வருகிறோம். உன் கோபத்தையும் கூட்டிக்கொண்டு வா, பின்னால் இடம் நிறைய இருக்கிறது. முன் ஸீட்டில் நான் இருப்பேன்.

இப்படிக்கு உன் அம்மா,
லலிதாம்பாள்