ஜெரோம் விட்டுப்போன காத்திருப்பு

என் அருமை ஜெரோம் மச்சா,

டெங்கு என்று லீவு போட்டுப் படுத்தவன், ஐந்தாம் நாள் இல்லாமல் போனாய். நீ எழுதிய ட்ரேஸ் டிரைவர் அன்றிலிருந்து என் தலையில் விழுந்திருக்கிறது. ஆபீசில் உன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மரியாதைக்காக இல்லை, புது ஆள் எடுக்கவில்லை.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று உன் அம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார்கள், நினைவிருக்கிறதா? புராசஸர் தான் போகிற வழியில் எங்கெங்கே திரும்பியது என்று தானே குறித்துக்கொண்டு போகும், அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் ட்ரேஸ், ஒரு புரோக்ராம் திடீரென்று விழுந்தால் எப்படி விழுந்தது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், அதை வாங்கிப் பத்திரமாகச் சேர்த்து வைப்பதுதான் ஜெரோமின் டிரைவர் என்றேன். "அப்போ போலீஸ் வேலைன்னு சொல்லு" என்றார்கள். நீ சோற்றுத் தட்டோடு சிரித்தாய்.

இப்போது வந்திருக்கும் புகார் ஒன்றே ஒன்றுதான். ட்ரேஸைப் போட்டால் மெஷின் தவழ்கிறது. நோயாளியைப் பார்க்க வந்த டாக்டர் அவன் கட்டிலிலேயே படுத்துக்கொண்ட கதை. இந்த ரிலீசுக்குள் சுமையைக் குறைக்காவிட்டால் ட்ரேஸை அணைத்துத்தான் அனுப்புவோம் என்று மேனேஜர் ஷஷி சார் சொல்லிவிட்டார்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். மாறாத செட்டிங்கை ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாய், அதை எடுத்தேன். கொஞ்சம் குறைந்தது. மீதி முழுக்க அந்த ஒரே இடம். புராசஸரிலிருந்து ஒரு புரோக்ராம் இறங்கி அடுத்தது ஏறும்போதெல்லாம் டிரைவர் நிற்கிறது. குறிப்பு மொத்தமும் வந்து சேரும்வரை காத்திருக்கிறது. நொடிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை இப்படி நின்றால் மெஷின் எப்படி ஓடும்?

கோடில் அந்த வரிக்கு மேலே நீ எழுதியிருக்கிறாய்: 'இதில் கை வைக்காதே. ஏன் என்று என்னைக் கேள்.'

யாரை மச்சா கேட்பது?

செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அதை ரிவ்யூவில் பார்த்து அப்ரூவ் கொடுத்தவனே நான்தான் என்பதால் இன்னும் அதிகமாக வருகிறது. "காரணத்த எழுதுடா" என்றேன். "பக்கத்து சீட்லதானே இருக்கேன், எப்ப வேணா கேளு மச்சா" என்றாய். கம்பெனி கேப் கிளம்புகிற நேரம். நானும் பட்டனை அமுக்கிவிட்டு ஓடினேன்.

அந்தக் காத்திருப்பை எடுத்துப் பார்த்தேன். மெஷின் பறந்தது. நான்கு நாள் எல்லா டெஸ்ட் போர்டிலும் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. "ஏன்ரீ செல்வம், இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றார் ஷஷி சார், கன்னடம் கலந்த தமிழில். ஐந்தாம் நாள் லேபில் ஒரு பழைய போர்டில் ஒரு புரோக்ராம் விழுந்தது. குறிப்பைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது, விழுவதற்கு முந்தைய கடைசித் துண்டு மட்டும் இல்லை. நமக்கு வேண்டியதே அதுதானே?

திரும்ப ஓட்டினேன். வரவில்லை. ஒரு வாரம் ஓட்டினேன். வரவே இல்லை. நீ பயந்தது இதற்குத்தானா, அல்லது அந்த போர்டே கெட்டுப்போனதா? காத்திருப்பைச் சுருக்கிப் பார்த்தேன், இடம் மாற்றிப் பார்த்தேன். எது சரி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் அளவுக்கு எனக்கு இது தெரியாது, அதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமும் இல்லை.

கடைசியில் காத்திருப்பைத் திரும்ப வைத்தேன். மீட்டிங்கில், முடியவில்லை சார் என்றேன். அவர் திட்டவில்லை. "சரி, டிஃபால்ட்டா ஆஃப் பண்ணிடுங்க" என்றார். செட்டிங் ஃபைலில் ஒன்று என்று இருந்ததைப் பூஜ்ஜியம் ஆக்கினேன், ட்ரேஸ் அணைந்தது. உன் நான்கு வருஷ உழைப்பு. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நேற்று உன் அம்மா போன் செய்தார்கள். "தம்பி, ஜெரோம் செஞ்சது வெளிய போகுதுன்னு சொன்னியே, போச்சா? ஓடுதா?"

"ஓடுதும்மா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

பிறகு, "அது ஓடுற எடத்துலல்லாம் என் புள்ள இருக்கான்னு நெனச்சுக்குறேன்பா. கோயில்லயும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்கள்.

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு ஜீவனஹள்ளியில் உன் வீட்டுக்குப் போகிறேன். அம்மாவை உட்காரவைத்து, அது எங்கேயும் ஓடவில்லை என்று சொல்லிவிடுவேன். அணைத்தது யார் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன் மச்சா, சத்தியமாக.

உன் அம்மா கையால் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்,
உன் மச்சான் செல்வம்