பெயர் தேய்த்த பாத்திரங்கள்

அக்கா,

கணபதி ஏரியாவில் பாத்திர பாலிஷ் பட்டறை இருக்கும் சந்து வழியாகத்தான் இப்போது என் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. மோட்டாரில் சுற்றும் துணிச்சக்கரத்தில் பாத்திரத்தை வைத்து அழுத்தினால் மெழுகும் உலோகத்தூளும் கருகி ஒரு நாற்றம் வருமே, அது அந்தச் சந்து முழுக்க நிற்கிறது. நேற்று ஆட்டோ சரியாக அந்த வாசலில் நின்றுவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "தூசு ஆகாதுங்களா அம்மா?" என்று டிரைவர் கேட்டார். தூசு என்ன செய்யும்? எனக்கு ஆகாதது அந்த நாற்றம்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பதில் சொல்ல ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன் பாருங்கள், இதிலேயே என் லட்சணம் தெரிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு துணிக்கடையின் பின்பக்க அறையைப் பிடித்து நாம் இருவரும் கடை போட்டோம். வீட்டில் சும்மா கிடக்கும் பட்டுப் புடவை, பாத்திரம், தொட்டில், மிக்சி என்று எதையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம். விற்றால் நமக்கு ஒரு பங்கு, விற்காவிட்டால் அவரவர் பொருள் அவரவருக்கு. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் மாதமே ஒரு புடவைக்காரம்மா, கறை நம் கடையில்தான் பட்டது என்று சண்டைக்கு நின்றார். அது காப்பிக் கறை. நம் கடையில் காப்பி என்ற பேச்சே கிடையாது. அன்றைக்குத்தான் நீங்கள், "வாய்ப்பேச்சு இனி ஆவாதுங்க அம்மணி. எழுதி வாங்கிப்போடலாம்" என்றீர்கள்.

வக்கீல் ஆபீசில் டைப் அடித்த கை உங்களுடையது. பொருளை எத்தனை நாள் வைத்திருப்போம், கறையும் கீறலும் வாங்கும்போதே எப்படிக் குறிக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒப்பந்தத் தாளில் கொண்டுவந்தீர்கள். கடை நடத்தும் நாம் அங்கே வரும் எதையும் நமக்கென்று வாங்கக் கூடாது என்றும் ஒரு வரி போட்டீர்கள். "நல்லதையெல்லாம் நாமளே அமுக்கிப்போட்டா, அப்பறம் சனங்க எதுக்குங்க நம்மள நம்பறாங்க?" நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

நாம் முட்டிக்கொண்டது ஒரே ஒரு வரிக்காக. பொருள் யாருடையதோ அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்கள் கட்சி. அப்படிக் கேட்டால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள், யாருடையது என்பது கொடுப்பவர் பொறுப்பு, கடை விசாரிக்காது என்று எழுதுங்கள் என்றேன் நான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் நான் சொன்னபடியே அடித்துக் கொடுத்தீர்கள். அந்த வரிக்கு வந்ததும் உங்கள் விரல்கள் மெதுவாகிப்போனதைப் பார்த்தேன்.

பிறகுதான் ஒரு அம்மாள் அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். டிரைவர் தோளில் இரண்டு சாக்கு. பிரித்தால் எவர்சில்வர் அண்டா, குடம், தட்டு, டம்ளர், அத்தனையும் புதுப் பாலிஷ். பட்டறை நாற்றம்கூட இன்னும் போகவில்லை. நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் யார் கொடுக்கிறார்கள்? இதில் ஒன்றிலும் பெயர் இல்லை. பெயர் இருந்த இடங்கள் மட்டும் தேய்ந்து லேசாகக் குழிந்திருந்தன. நீங்கள் ஒரு தூக்குப்போசியை, பிடி வைத்த மூடிப் பாத்திரத்தை, கவிழ்த்தீர்கள். அடியில் வெட்டியிருந்ததைப் பட்டறைக்காரர் கவனிக்கவில்லை. யாரோ ஒரு தகப்பனாரின் பெயர், ஊர் சத்தியமங்கலம்.

"ஏனுங்க, இது யாரு ஊட்டுச் சீருங்க?" என்று கேட்டீர்கள்.

"மருமக கொண்டாந்ததுங்க. மூணு வருசமா வயித்துல ஒன்னுந் தங்கலை. அவங்க ஊட்டுக்கே அனுப்பிப்போட்டோமுங்க. பையனுக்கு வேற எடம் பாத்தாச்சு. புதுசா வாரவ கண்ணுல இதெல்லாம் படலாமுங்களா?" சொல்லி முடித்து, கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டே, குடிக்க மோர் கிடைக்குமா என்று கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நாம விசாரிக்கறதில்லீன்னு பேப்பர்லயே இருக்குதுங்க அக்கா," என்று தாளை அந்த அம்மாளிடம் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மனுஷியா அது என்று அவர் போன பிறகு வாய் ஓயாமல் திட்டினேன். திட்டிக்கொண்டே போசியைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் நீங்கள் பாங்குக்குப் போன நேரத்தில், விற்றதாக எழுதி, விலையையும் டப்பாவில் போட்டு, போசியை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். திருடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தக் காசு உதவியது.

நாலைந்து நாளில் அந்த மருமகளே வந்தாள். பாத்திரங்கள் இங்கே இருப்பதாக அம்மாளின் டிரைவர்தான் மனசு கேட்காமல் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு ஒயர் கூடை, கூட யாரும் இல்லை.

"சண்டைக்கு வரலீங்க. எங்கப்பா பேரு போட்ட தூக்குப்போசி மட்டும் குடுத்துருங்க, போதும். அவரு இப்ப இல்லீங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து, கையெழுத்தைக் காட்டி, என் வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை மெதுவாகப் படித்தாள்.

"இதுல எம் பேரு எங்கீமே இல்லீங்களே," என்றாள்.

"போசி எங்கீங்க அம்மணி?" என்றீர்கள் என்னிடம்.

"வித்துப்போச்சுங்க அக்கா. யாரோ தெரியாத ஆளு."

அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. மிச்சப் பாத்திரங்களை அதே சாக்குகளில் நீங்களே கட்டி, ஆட்டோ பிடித்து, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு போய் ஏற்றிவிட்டு வந்தீர்கள். அம்மாள் வந்து போலீஸ் என்று குதித்தபோது, "கூப்புடுங்க. சீரு யாருதுன்னு அவங்க முன்னாலயே கேட்டுப்போடலாமுங்க" என்றீர்கள். அதோடு அவர் திரும்பி வரவில்லை. என் வரியை நீக்கிவிட்டு உங்கள் வரியை டைப் செய்து வைத்தீர்கள்.

போசி என் வீட்டுப் பரணில் இருந்தது. அதில் ஒரு நாளும் பால் வாங்கவில்லை. சத்தியமங்கலம் இரண்டு மணி நேரப் பயணம். போய்ச் சேர வேண்டிய பெயரும் ஊரும் அதன் அடியிலேயே வெட்டியிருந்தன. நான் போகவில்லை. தெருவில் வந்த பழைய பாத்திரக்காரரிடம் அதைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். அந்த அம்மாளாவது பெயரைத்தான் தேய்த்தார். நான் போசியையே உருக்கக் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம்கூட மறந்து தொலைத்திருப்பேன். நீங்கள் விடவில்லை. கடையை மூடி இத்தனை வருடமான பிறகும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நர்ஸிடமும் சொன்னீர்கள். "இந்த அம்மணியும் நானுமாத்தானுங்க கண்ணு, அந்தப் புள்ளைக்குச் சீரைத் திருப்பிக் குடுத்தோம்." அந்த நர்ஸ் என்னை எவ்வளவு மரியாதையாகப் பார்த்தாள் தெரியுமா? நீங்கள் என் கையை அழுத்தினீர்கள். நான் "ஆமாங்க" என்றேன்.

உங்கள் புண்ணியத்தில் பாதியை என் பெயரில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். இதைத் திருப்பிக் கொடுக்க எந்த ஊருக்கு நான் பஸ் ஏறட்டும், அக்கா?