ஸ்கோர் மாறியது

நவ. 20, வியாழன்
புகைமூட்டம். தொண்டை எரிச்சல். ஞாயிறு பெண்கள் கபடி ஃபைனல், மந்திர் மார்க் பக்கத்து மைதானத்தில். தங்கை கயல் ஆடுகிறாள். அம்மாவால் வர முடியாது. மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் எங்கள் வீட்டை அரசு இடித்தபின், நகரக் கோடியில் நரேலாவில்தான் வாசம். அவ்வளவு தூரம், போதாததற்கு முழங்கால் ஆபரேஷன்.

அம்மா: "உன் கம்ப்யூட்டர் படிப்பு எதுக்கு? இங்க உக்காந்தே நான் பாக்குற மாதிரி பண்ணுடி."

நேரடி ஸ்கோர் பக்கம். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

நவ. 21, வெள்ளி
பக்கத்தில் மூன்று இடம் மாற வேண்டும்: மேலே பெட்டிக்குள் பெரிய ஸ்கோர், கீழே ஆட்டக்காரர் புள்ளிப் பட்டியல், ஓரத்தில் 'யார் முன்னிலை'. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி எழுதி, ஒரே சிக்கல். எல்லாம் அழிப்பு.

புது வழி, கஸ்டம் ஈவென்ட். புது ஸ்கோர் வந்ததும் ஸ்கோர் பெட்டி 'ஸ்கோர் மாறியது' என்று ஒரு குரல் கொடுக்கும், அவ்வளவுதான். யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்டுத் தங்களை மாற்றிக்கொள்வார்கள். அழகு!

ஆனால் பெரிய ஸ்கோர் மட்டும் மாறுகிறது. மற்ற இரண்டும் கல் மாதிரி. பால் பொங்கி அடுப்பெல்லாம்.

நவ. 22, சனி
ஆபீஸ் தோழி ஹர்ப்ரீத் வந்தாள். பரோட்டா. எட்டிப் பார்த்து, "அரே, bubbles: true எங்கே?"

அடச்சே. குரலைப் பக்கம் முழுக்கப் பரவவிடும் வரி. அது இல்லாததால் குரல் பெட்டிக்குள்ளேயே அடங்கிப் போகிறது. வெளியே இருக்கும் பட்டியலுக்கு எப்படிக் கேட்கும்? ஒரே வரி. போட்டேன். மூன்றும் ஒன்றாகப் பச்சையில் மின்னின! கட்டிலில் ஏறிக் குதித்தோம்.

கயல்: "அக்கா, ஜல்தி தூங்கு. நாளைக்கு நான்தான் ஆடணும், நீ இல்ல."

நவ. 23, ஞாயிறு
நல்ல வெயில். மைதானத்தில் நானும் ஹர்ப்ரீத்தும், என் கையில் மொபைல், ஒவ்வொரு பாயிண்டுக்கும் பட்டன். நரேலாவில் அம்மா கட்டிலைச் சுற்றி அக்கம்பக்கம் மொத்தமும்.

கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் சமம். கயல் போனாள், தொட்டாள், காலைப் பிடித்து இழுத்தார்கள், விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள்!

கத்தினேன். ஹர்ப்ரீத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டம். மொபைல் அடித்தது. அம்மா.

"என்னடி ஆச்சு? ஸ்கோரு மாறவே மாட்டேங்குது?"

பட்டன்! அழுத்தவே இல்லை.

"அம்மா, நம்ம கயலு..."

"சொல்லாத! நாங்க எல்லாரும் அதுலயே பாக்கணும். அமுக்குடி!"

அழுத்தினேன். போனுக்குள் நரேலாவே அலறியது.