காளவாய்மேட்டின் பதினெட்டுப் பெயர்கள்

மச்சான்,

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கழிப்பறைக்குக் குழி தோண்டுகிறார்கள். நேற்றுக் காலை அந்தப் பக்கம் போனேன். இடுப்பளவு ஆழம் போனதும் கறுப்பு மண் மாறி வெள்ளையாக வந்துவிட்டது. உப்பும் பழைய சேறும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் நகர முடியவில்லை. பொக்லைன் ஓட்டுகிறவர் திருப்பாலைவனத்துக்காரர். வண்டியை நிறுத்தி ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"இன்னா பெருசு, தோண்டத் தோண்டக் கிளிஞ்சலா வருது? ஊரே குந்திக்கினு துன்னு துப்பிச்சா?"

"துன்னல. வெட்டி எடுத்தோம். மிச்சம் இருக்கிறதுதான் இது" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, மண்ணை உதறிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் ஆடி அமாவாசையில் நடந்ததை உனக்கு எப்படிச் சொல்வது என்று நாலைந்து நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனியும் தள்ள முடியாது.

காளவாய்மேடு என்று ஓர் ஊர் முன்பு கிடையாது. பழவேற்காட்டு ஏரிக்கு அடியில் கிளிஞ்சல் படுகை இருந்தது. அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்க ஒரு குத்தகைக்காரர் வந்து மேட்டில் மூன்று காளவாய் கட்டினார். கடலோரத்துத் தாய்க் கிராமத்திலிருந்து பதினெட்டு வீட்டுக்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளிஞ்சல் வெட்டப் போனோம். நீயும் நானும் அதில் இருந்தோம். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, சேற்றுக்கு அடியில் படுகை எங்கே இருக்கிறது என்று காலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பாதம் கிழியாமல் இருக்க சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக்கொள்வோம். அதை முதலில் சுற்றியவன் நீ. ஊர் சிரித்தது, அடுத்த வாரம் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டது.

காளவாயில் தீ பார்த்தவர் பழவேற்காட்டுக் காதர் பாய். அவர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் தீ வைக்க ஆளில்லை. அதனால் நம் எல்லோருக்கும் வெள்ளிதான் விடுமுறை. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமையில் வைத்தோம். உனக்கும் என் தங்கைக்கும் அப்படித்தான் நடந்தது. வந்தவர்களுக்குப் போதவில்லை என்று பாய் வீட்டிலிருந்து இரண்டு தேக்சா சோறு வந்தது. நான் எழுத்துக் கற்றதும் அங்கேதான். சுண்ணாம்புக் கோணிகளில் ஊர்ப் பெயரை மையால் அச்சுக் குத்தி அனுப்புவார்கள். மீஞ்சூர் என்ற பெயரில் இருந்த எழுத்துகளைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒன்றும் தரவில்லை, கோணி தந்தது.

தாய்க் கிராமத்துக்காரர்கள் நம்மை வெள்ளை மூக்கன்கள் என்றார்கள். மூக்கில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்குமாம். சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாதது அது அல்ல, பாடு.

பாடு என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன் மகள் மல்லிகாவின் பிள்ளைகள் படிப்பார்கள், அதனால் எழுதுகிறேன். ஏரியில் இறால் வரும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதற்கான முறைதான் பாடு. ஆடி அமாவாசையன்று கோயில் முன்னால் பெயர்களைக் கூப்பிடுவார்கள். பெயருக்கு உரியவன் அங்கே இருந்து, தன் வாயால் "இருக்கேன்" என்று சொன்னால்தான் அவன் சீட்டு குடத்துக்குள் விழும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்ல முடியாது. தொடர்ந்து மூன்று ஆடிக்கு வராதவன் பெயர் போய்விடும்.

அந்த நாள் பார்த்துத்தான் ஏரித் தண்ணீர் வருஷத்திலேயே அதிகமாக வற்றி நிற்கும். மற்ற நாளில் எட்டாத படுகை அன்றைக்கு முட்டியளவில் கிடக்கும். கடலோரத்தில் எல்லோரும் வலையைத் தொடாமல் வீட்டில் இருக்கும் நாள், நமக்கு மட்டும் பெரிய வெட்டு நாளாகிவிட்டது.

முதல் வருஷம் நீ வந்து கூப்பிட்டாய். "ஒரு நாளுதான மச்சான், போய்ட்டு வந்துரலாம்."

"இன்னிக்கு ஒரு நாளு ஒரு வாரத்துக்குச் சமம். இறாலு எங்க போகப் போவுது?" என்றேன். நான் சொன்னதை மற்ற பதினாறு வீடும் கேட்டது. நீ மட்டும் போனாய். எங்களுக்காகவும் சொல்லப் பார்த்தாய். அவனவன் வாய் திறக்க வேண்டும் என்று உன்னை உட்காரச் சொன்னார்கள். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கு அடுத்த வருஷம் எங்கள் எல்லோருக்கும் கெடு முடிகிறது என்று ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். நான் மட்டும் அல்ல, ஒருவரும் அசையவில்லை.

அன்று காலை நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் படகில் அளவுக்கு மீறிக் கிளிஞ்சல் ஏற்றி, மணல் திட்டில் ஒருபக்கமாகச் சாய்த்து மாட்டிக்கொண்டேன். கத்தினேன். நீ திரும்பிப் பார்த்தாய். சட்டையைக் கழற்றிக் கரையில் நட்டிருந்த கழியில் மாட்டிவிட்டு இறங்கினாய். நாம் பாரத்தைக் கொட்டிப் படகை நிமிர்த்தியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்படியும் ஓடினாய். திரும்பி வந்து, "கூப்ட்டு முடிச்சிட்டாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

நீ வராமல் போனது அந்த ஒரு தடவைதான் என்று அவர்களிடம் வாதாடினாய். வெள்ளை மூக்கன்கள் எல்லோரும் ஒரே கணக்கு என்று தாய்க் கிராமத்துத் தலைவர் பதினெட்டுப் பெயரையும் ஒன்றாக அடித்துவிட்டார். அது அநியாயம். அதை இன்றுவரை நான் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் படகைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தீர்த்திருப்பேன். நீ அந்த இடமே கொடுக்கவில்லை.

பிறகு சிமெண்ட் வந்தது, குத்தகைக்காரர் போனார், காளவாய் ஆறியது. ஏரி எதிரில் இருந்தது. இறங்க முறை இல்லை. பாதிப் பேர் மீஞ்சூர் கம்பெனிகளுக்கு ரயிலேறினார்கள். நாம் இருவரும் வருஷா வருஷம் தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். வாசலில் நின்றே பேச ஆரம்பித்துவிடுவேன். நீ என் கையைப் பிடித்து இழுப்பாய்: "குந்திக்கினு கேளு மச்சான். நின்னுக்கினு கேட்டா கூலிக்கு வந்தவன்னு நெனப்பான்."

நீ போன பிறகு நான்கு வருஷமாகத் தனியாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். இந்த ஆடிக்குத் தலைவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயில் முன்னால் போய்க் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தேன். என்னைத் தவிர நம் மேட்டிலிருந்து இன்னும் ஒன்பது வீட்டுக்காரர்கள், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு. உன் மகள் மல்லிகாவும் வந்தாள், மீஞ்சூர் ஸ்டேஷனில் மீன் விற்கும் கூடையோடு அப்படியே.

இப்போதைய தலைவர் பழையவரின் மகன். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெருசு, வயசானவரு நீங்க. உங்களுக்கு மட்டும் ஒரு பாடு போட்டுர்லாம். கும்பலு எதுக்கு?"

"எனக்கு மட்டும்னா, அந்தப் பாட்ட உன் வீட்லயே வெச்சுக்கோ" என்றேன். நாற்பது வருஷம் கேட்டது என் ஒருவனின் வலைக்காக அல்ல.

அவர்கள் தங்கள் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார்கள். குடத்தை மூடும் முன் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினெட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். வந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். உன் பெயரையும் கூப்பிட்டேன். யாரோ, "செத்தவனும் வருவானா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் சொன்னேன், மச்சான். "அவன் ரெண்டு வருஷம் வந்தான். மூணாவது வருஷம் வரவிடாம பண்ணது நான். அளவுக்கு மேல பாரம் ஏத்தி என் படகு மாட்டிக்கிச்சு. என்னத் தூக்கிவிட எறங்கினவன் பேரத்தான் அடிச்சீங்க. மத்த வூட்டுக்காரன் வராம போனதும் என் பேச்சக் கேட்டுத்தான்."

நம் ஆட்களின் முகத்தைப் பார்க்க எனக்கு அப்போது தைரியமில்லை. மல்லிகாவை மட்டும் பார்த்தேன். அவளுக்கும் இது புதிது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்க நைனா பேருக்கு நான் இருக்கேன்" என்றாள்.

"பொம்பளைக்கு இன்னாம்மா பாடு?"

"மாப்பு குடுங்க மாமா, இறாலு வந்து கேட்டுச்சா, ஆம்பளையா பொம்பளையான்னு?"

இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. அவள் பேசியதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு பெண் அங்கே வாய் திறப்பாள் என்று எனக்கே தோன்றியதில்லை. அந்தச் சூட்டில் தலைவரிடம் சொன்னேன்: "மூணு ஆடி வராதவன் பேரு போவும்னா, மூணு ஆடி வந்தவன் பேரு திரும்ப வரணும். இது மொதல் ஆடி."

நம்மை வெள்ளை மூக்கன் என்று ஓயாமல் கூப்பிட்ட கிழவர் ஒருவர் பின்னாலிருந்து, "சரியாத்தான சொல்றான்" என்றார். தலைவரோ, "அடுத்த ஆடிக்குப் பாக்கலாம்" என்று குடத்தை மூடிவிட்டார். நம் சீட்டு ஒன்றும் உள்ளே விழவில்லை.

பஸ்ஸில் மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோணிரேவு தாண்டியதும், "இத நைனா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றாள்.

"சொல்லியிருக்கணும்" என்றேன். இறங்கும்போது, இந்த ஆடிக்கு வராத ஏழு வீட்டில் அடுத்த ஆடிக்கு யார் யாரை அவள் அழைத்து வருவது, யார் யாரை நான் என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு நான்கு வீடு. அதில் மூன்று வீட்டுக்காரர்கள் நான் சொன்னதைக் கேள்விப்பட்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும், அது அவர்கள் உரிமை. நாளைக் காலை முதல் வீட்டு வாசலில் போய் உட்காரப் போகிறேன்.