மீன் வறுத்ததற்கு ஒரு விசாரணை

டொலீடோ,
மார்ச் 19

அன்புள்ள தம்பி காசிமிருக்கு,

அக்கா ரெனாட்டா எழுதுவது. நானும் உன் அத்தான் வால்ட்டும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது. போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டதால் தபால்தலை ஒட்ட வேண்டியதாயிற்று.

பட்டறை வேலை போய் மூன்று வாரமாகிறது, கட்டினவள் ஜோலீனிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூடவே, வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகை கேட்டு மனுப் போட மாட்டேன், அரசாங்கத்திடம் கையேந்திப் பழக்கமில்லை என்றும் ஒரு வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் கண்ணாடித் தொழிற்சாலையை மூடியதும் மனுப் போட்ட நான் பிச்சைக்காரியா? நம் உழைப்பின் பேரில் முதலாளி வருஷா வருஷம் கட்டி வந்த காப்பீடு அது. வீடு எரிந்துபோய்க் காப்பீட்டுப் பணம் வாங்குகிறவனைப் பார்த்து இப்படிப் பேசுவாயா?

சரி, என் கூத்தைக் கேள். ஞாயிறுதோறும் கணினியில் சில கேள்விகளுக்குப் பதில் போட்டால்தான் பணம் வரும். இந்த வாரம் ஏதாவது வேலை செய்தீர்களா என்பது அதில் ஒன்று. நம் ஆலயத்தில் இறைச்சி கூடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுத்து விற்பார்களே, அந்த வாரம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நான்கு மணி நேரம் நின்றிருந்தேன். முதுகு ஒடிந்துபோயிற்று. அதை வேலையில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் தவக்காலத்தில் பொய் சொல்வதா? ஆம், நான்கு மணி நேரம் என்று போட்டேன். முதலாளி பெயர் கேட்டது. பங்குச் சாமியார் பெயரைக் கொடுத்தேன். அவ்வளவுதான், பணம் நின்றுவிட்டது. புது வேலை கிடைத்தும் சம்பள விவரம் தரவில்லை என்று கடிதம் வந்தது.

"தெரியாம எழுதிட்டேன்னு மன்னிப்புக் கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இரு" என்றார் வால்ட். நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? மேல்முறையீடு செய்தேன். போன வாரம் தொலைபேசியில் விசாரணை. விசாரித்தவர் ஒரு பெண்மணி. சம்பளம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். "சல்லிக்காசு கெடையாதும்மா. கடைசியா ஒரு தட்டு மீனும் உருளைக்கிழங்கும் குடுத்தாங்க" என்றேன். பக்கத்தில் வால்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப அது கூலிதானே?" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கடன் தவணையே அந்தப் பணத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். "கூலின்னா நல்ல துண்டா கேட்டு வாங்கியிருப்பேனே. விக்க முடியாம கருகிப்போனதத்தான் வறுக்கறவங்க தட்டுல போடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் கூலி வாங்குனவ நான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

நான் சொன்னதை அந்த அம்மா ஒருமுறை வாசித்துக் காட்டிப் பதிவு செய்துகொண்டார். பிறகு, வெள்ளிக்கிழமை வேறெங்காவது சம்பள வேலைக்குக் கூப்பிட்டால் போவீர்களா என்றார். "உடனே போவேன். மீன சாமியாரே வறுத்துக்கட்டும்" என்றேன். இன்று காலை தீர்ப்பு வந்தது. நிறுத்திய வாரங்களுக்கும் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்கு அப்படிக் கிடைக்காது. மனுப் போட்ட வாரத்திலிருந்துதான் கணக்கு என்பார்கள். போன மூன்று வாரம் போனதுதான். நாலாவதையும் வீம்புக்கு விட்டுவிடாதே.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜோலீன் என்னைக் கூப்பிட்டாள். நான் எதையும் உளறவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கிறது. "வேலைக்குப் போறேன்னு கெளம்பி ஏரிக்கரையில காருக்குள்ளயே உக்காந்திருக்காரு அண்ணி. சாயங்காலம் வந்ததும் கை கழுவறாரு. ஒரு பொட்டு கிரீஸ் இல்ல, அந்தக் கையப் போட்டு அந்தத் தேய் தேய்க்கறாரு. நான் எதுவும் கேக்கல. அவர் வாயால சொல்லட்டும்னு இருக்கேன்" என்று சொல்லி அழுதாள்.

தம்பி, இன்றைக்குக் கை கழுவாதே. நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார். இருவருமாகச் சேர்ந்து மனுவை நிரப்புங்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் மேல் கோபம் தீராத,
அக்கா ரெனாட்டா